பிரசவ லீவும் ஆசிரியையின் மனச்சாட்சியும்

"பிள்ளைகளை நடுவழியில் விட்டுவிட்டுப் போகிறேனே!" பிரசவ லீவு விண்ணப்பத்தில் ஒப்பமிடும் ஆசிரியை இவ்வாறு சொல்லி வருந்துவது மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் புதிய செய்தி அன்று. ஐந்தாம் ஆண்டு வகுப்பை நடத்துபவளாயின் வருத்தம் இரட்டிப்பாகிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணுகிறாள். தன் வயிற்றுப் பிள்ளைக்கு இன்னும் எத்தனை மாதம் என்றும் எண்ணுகிறாள். இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கருவுற்றதே வகுப்புக்குச் செய்த துரோகம் என்பதுபோல் அதிபரின் முன் தலை குனிந்து நிற்கிறாள்.

படுவான்கரை வயலில் கதிர் அறுக்கும் பெண்ணும் பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டு வீட்டில் இருக்கத்தான் செய்கிறாள். கூலி போயிற்றே என்று அவள் வருந்துவாள். வயலுக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்று வருந்தமாட்டாள். ஆசிரியைக்கு மட்டும் இந்தக் குற்றவுணர்ச்சி எங்கிருந்து வந்தது? அது ஆசிரியத் தொழிலின் மேன்மை என்று புகழ்ந்துவிட்டு நகர்வது எளிது. அப்படிப் புகழ்வோர் பெரும்பாலும் பதில் ஆசிரியரை அனுப்பவேண்டிய இடத்தில் இருப்பவர்கள். நாம் புகழ்ச்சியை விடுத்துச் சரித்திரத்தைப் பார்ப்போம்.

மட்டக்களப்பில் ஆங்கிலப் பள்ளிக்கல்வி 1814இல் வந்திறங்கிய மெதடிஸ்தப் பாதிரியார் வில்லியம் ஓல்ட்டுடன் தொடங்குகிறது. கப்பற் பயணத்திலேயே மனைவியைப் பறிகொடுத்தவர் அவர். தனியராக வந்து பள்ளிகளை நிறுவி, ஓர் ஆண்டுகூட நிறைவதற்குள் 1815இல் இந்த மண்ணிலேயே மாண்டார். இன்று வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை எனப்படும் பெண்பள்ளி 1820இல் பிறந்தது. பின்னர் கத்தோலிக்கக் கன்னியர்கள் வந்தனர். இருபதாம் நூற்றாண்டில், காரைதீவில் பிறந்த விபுலானந்தர் 1924இல் துறவு பூண்டு, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைக் கட்டி வளர்த்து, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

இவர்களின் தொண்டைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் நாவெழாது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனைவியை இழந்த பாதிரியார், மணம் புரியாத கன்னியர், குடும்பம் துறந்த சுவாமிகள்: இந்தப் பிரதேசத்தில் இலட்சிய ஆசிரியரின் உருவம் இவர்களை வைத்தே வார்க்கப்பட்டது. அந்த ஆசிரியருக்கு வீடில்லை, தொட்டில் இல்லை, வகுப்பே குடும்பம். துறவியின் அந்த அங்கியைப் பிற்காலத்தில் மணமான பெண்ணுக்கும் அப்படியே அணிவித்துவிட்டோம். அவளுடைய உடலுக்கு அது பொருந்தவில்லை. பொருந்தாமைக்குத் தன் உடலே காரணம் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

விந்தை என்னவென்றால், இதே பிரதேசத்தின் பழைய வழக்கம் பிள்ளைபெற்றவளை இப்படி நடத்தியதில்லை. மட்டக்களப்புத் தமிழரின் குடி தாய்வழியாக வருவது. வீடு பெண்ணுக்குச் சீதனம்; மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறான். காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் மக்களிடமும் இவ்வழக்கம் உண்டு. பிள்ளை பெற்றவளைச் சுற்றித் தாயும் தமக்கையும் பெரியம்மாவும் இருந்தனர். தமிழர் வீட்டில் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரையும், முஸ்லிம் வீட்டில் நாற்பது கழியும்வரையும் அவளை எவரும் வேலைக்கு அழைப்பதில்லை. தீட்டு என்ற பெயரில் வந்த ஓய்வுதான். அப்பெயரை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் ஓய்வு ஓய்வுதானே!

உலகச் சட்டங்கள் இதே உண்மைக்கு வேறு வழியால் வந்தன. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, பேற்றுக்கு முன் ஆறு கிழமையும் பின் ஆறு கிழமையும் ஓய்வு வேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. ஆனால் அது கருதியது கைத்தொழில், வணிக நிலையங்களில் உழைத்த பெண்களை. இலங்கையின் 1939ஆம் ஆண்டுப் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டமும் தோட்டத்துப் பெண்களையும் தொழிற்சாலைப் பெண்களையும் மனத்திற்கொண்டு எழுந்ததே. பிற தொழில்களையும் தழுவிய 1952ஆம் ஆண்டு உடன்படிக்கையை இலங்கை ஏற்றது 1993இல்.

உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் பொறுப்பேற்றபோது, முகாமையாளரின் தயவில் இருந்த ஆசிரியை அரசாங்க ஊழியரானாள். இன்று தாபன விதிக்கோவையின்படி அவளுக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள் பிரசவ லீவு உண்டு. அதற்கு மேல் அரைச் சம்பளத்தில் 84 நாளும், சம்பளமின்றி 84 நாளும் எடுக்கலாம். கடன் கட்டும் குடும்பத்துக்குப் பின்னிரண்டும் எழுத்தில் மட்டுமே உரிமை. பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டு அரசு 2021இல் தன் பெண் ஊழியர்களுக்கு, இரு குழந்தைகள்வரை, 12 மாதத்தை முழுச் சம்பளத்துடன் வழங்கியிருக்கிறது.

84 வேலைநாள் என்பது பள்ளிக்கூடக் கணக்கில் ஒரு தவணைக்கும் மேல். சட்டம் தாய்க்கு நாளை எண்ணிக் கொடுத்தது. வகுப்புக்கு ஆளைக் கொடுக்கவில்லை. மட்டக்களப்பு மேற்கு வலயம் போன்ற பகுதிகளில் இருக்கும் இடங்களுக்கே ஆசிரியர் போதாதபோது, லீவில் போனவளுக்குப் பதில் ஆசிரியர் வருவார் என எவர் காத்திருப்பார்? பக்கத்து வகுப்பு ஆசிரியை இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பார்க்கிறாள். அவளுடைய களைத்த முகத்தையும் எண்ணித்தான் லீவில் இருப்பவள் உறக்கமின்றிக் கிடக்கிறாள். திணைக்களம் செய்யாத ஏற்பாடு இரு பெண்களின் மனச்சாட்சியில் பாரமாக ஏறுகிறது.

இதில் வேறொரு முடிச்சும் உண்டு. புதிதாக நியமனம் பெறுவோர் முதலிற் கஷ்டப் பிரதேசத்தில் சேவை செய்யவேண்டும் என்பது நடைமுறை. கல்வியியற் கல்லூரியையோ பல்கலைக்கழகத்தையோ முடித்து நியமனம் பெறும் வயதும், மணமாகித் தாயாகும் வயதும் ஏறக்குறைய ஒன்றே. சீதன வீடும் தாயும் எழுவான்கரையில், பாடசாலை படுவான்கரையில், இடையே வாவி. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அங்கே மிதவைப் பாதையில் ஏறித்தான் கடக்கவேண்டும். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போவோர் அதன் பின்னரும் பாதையை நம்பியே இருந்தனர். ஏழு மாதக் கருவுடன் விடியலில் பாதை காத்து நின்றவளிடம் எவரும் மன்னிப்புக் கேட்டதாக நாம் அறியோம். மன்னிப்புக் கேட்பவள் அவளே!

யுத்த காலத்தைத் தனியே எழுத வேண்டும். இங்கு ஒரு சொல் போதும். 2007வரை படுவான்கரையின் பெரும்பகுதி அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. ஆசிரியைகள் சோதனைச் சாவடிகளைக் கடந்து சென்று கற்பித்தனர். நியமனம் பெற்றோர் போதாத இடங்களைத் தொண்டர் ஆசிரியர்கள் நிரப்பினர். அற்பப் பணத்துக்கோ அதுவுமின்றியோ உழைத்த அவர்களுள் பிள்ளைபெற்றவளுக்கு எந்தக் கோவையில் லீவு? தொண்டு என்ற அந்தப் பழைய அழகிய சொல் இங்கே எதற்குப் பயன்பட்டது என்பதை வாசகர் யோசித்துப் பார்க்கலாம்.

நம் நாட்டின் பின்தங்கிய நிலையே இதற்கெல்லாம் காரணம் என்று எண்ணுவோர் செல்வ நாடுகளின் கதையையும் கேட்கவேண்டும். இங்கிலாந்தில் மணம் புரிந்த ஆசிரியையை வேலையிலிருந்து நீக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. அதனை 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே முற்றாக ஒழித்தது. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரக் கல்விச் சபை, பேற்றுக்கு ஐந்து மாதம் முன்பே ஆசிரியையைச் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பியது. ஜோ கரோல் லாஃப்ளர் என்ற ஆசிரியை, தன் மாணவரை ஆண்டு முடியும்வரை கற்பிக்க விரும்பி வழக்காடினார். 1974இல் உயர் நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாது என்றது. விதியின் பிறப்பை ஆராய்ந்தபோது வெளிவந்த காரணங்களுள் ஒன்று, ஆசிரியை தர்ப்பூசணியை விழுங்கிவிட்டார் என்று பிள்ளைகள் சிரிப்பார்களாம்!

அங்கே, கருவுற்றவள் வகுப்பில் நிற்கக் கூடாது என்றார்கள். இங்கே, அவள் வகுப்பை விட்டுப் போனால் பாவம் என்று அவளையே எண்ண வைக்கிறோம். இரண்டிலும் ஆசிரியை என்பவள் உடலற்ற ஒரு குரலாக இருக்கவேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

இலங்கையின் ஆசிரியர்களுள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆண்டுதோறும் எத்தனையோ பேர் தாயாவர் என்பது மாரி மழையைப்போல் முன்கூட்டியே தெரிந்த செய்தி. வலயத்துக்குச் சில பதில் ஆசிரியர்களை நிரந்தரமாக வைத்திருக்க இதைவிட வேறென்ன காரணம் தேவை? ஆசிரிய சங்கங்கள் சம்பளத்துக்கும் இடமாற்றத்துக்கும் குரல் எழுப்பியிருக்கின்றன. இந்தக் கோரிக்கை அவர்களின் பட்டியலில் முதல் வரிசைக்கு வந்ததில்லை. சங்கத்தின் தலைமையில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

லீவு முடிந்து திரும்பும் நாளில் ஆசிரியையின் துயர் வேறு உருவம் கொள்கிறது. பாலுக்கு அழும் குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வாவியைக் கடக்கிறாள். வகுப்பில் பிள்ளைகள் "ரீச்சர், ரீச்சர்" என்று சூழ்ந்துகொள்கிறார்கள். தவணைக் குறிப்பேட்டைத் திறந்து, விடுபட்ட பாடங்களை எண்ணத் தொடங்குகிறாள். பக்கத்து வகுப்பு ஆசிரியை வாசலில் வந்து நின்று, தான் அடுத்த மாதம் லீவில் போகவிருப்பதைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள்.