பத்துப் பிள்ளைகளும் ஒரு பள்ளிக்கூடமும்

ஒரு தோட்டத்தின் நிலையை அறிய விரும்புவோர் துரைமாரின் கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டுவதில்லை. அத்தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியின் பெயர்ப் பதிவேட்டைப் பார்த்தாற் போதும். ரப்பர் விலையின் ஏற்றத் தாழ்வும் நம் குடும்பங்களின் வளர்ச்சியும் தேய்வும் அதிலே பதிந்திருக்கக் காணலாம்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்களிலே பள்ளிக்கூடம் வைத்தல் வேண்டுமென்று 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பத்து என்பது அற்பத் தொகையன்று. கங்காணி முறையில் ஆதியில் வந்தோர் பெரும்பாலும் ஆடவரே. பெண்டிரும் வந்து, லயங்களில் குடும்பங்கள் வேரூன்றிய பின்னரே அத்தொகை கூடிற்று. ஆயினும் சட்டம் கட்டடத்தைத் தந்ததேயன்றிக் கல்வியைத் தந்துவிடவில்லை. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர், கொட்டகையே பள்ளிக்கூடம்.

பொருள் நிலையோ இரங்கத்தக்கது. 1928-ல் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக வகுக்கப்பட்டன. ரப்பர் விலை வீழ்ந்தவுடன் 1930-ல் அவை 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தன. 1930 முதல் 1932 வரை லட்சத்துக்கு மேற்பட்டோர் தாயகத்துக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். லயம் காலியானால் பள்ளி மட்டும் எவ்வாறு நிறையும்?

1938-ல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதைத் தடுத்தது. அதன்பின் இங்கே பிறந்த பிள்ளைகளே சமூகத்தின் பலமாயினர். 1957-ல் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. குடும்பங்கள் பட்டணம் சேர்ந்தன. இன்று எஞ்சியவை ஏறத்தாழ 530. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் 150 மாணவர்கூட இல்லை.

இதனை விதியென்று கூறி வாளாவிருப்பது அறிவுடைமையாகாது. பள்ளி நின்ற மண் பிறருடையது. அதனாலேயே தோட்டம் கைமாறியபோதெல்லாம் பள்ளியும் நடுங்கிற்று. இந்த உண்மையை உணர்ந்தே 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தால் 1961-ல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலியாயிருந்தோரும் ஒன்று கூடினால் நிலத்துக்கு உடையவராகலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, தமிழர் குடியேறிய இடத்துக்கே பள்ளியும் பெயர்ந்து வருதல் வேண்டும். ‘தோட்டப் பள்ளி’ என்று இகழும் பட்டணத்துப் பெற்றோரே, உங்கள் தந்தையர்க்கு அகரம் கற்பித்தது அந்தக் கொட்டகை அன்றோ? அன்று சட்டம் பத்துப் பிள்ளைகளை எண்ணிப் பள்ளியைத் திறக்கச் செய்தது. இன்று அதைத் திறந்து வைத்திருப்பது நம் கையிலுள்ளது. பதிவேட்டிலே உங்கள் பிள்ளையின் பெயரை எழுதுங்கள்.