ஒன்பது முனைகளின் விபரீதம்

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் தேதி ஐ.பி.எம். நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, கணக்கும் கடிதமும் எழுதுவோருக்கென்று கூர்மையான பச்சை எழுத்துக்களைக் காட்டும் மானோகிரோம் கார்டையும், சித்திரங்களிலும் விளையாட்டுக்களிலும் நாட்டமுள்ளோருக்கென்று வர்ணங்களைக் காட்டும் சி.ஜி.ஏ. கார்டையும் தனித்தனியே விற்பனைக்கு வைத்தது. எதை வாங்கினாலும், பெட்டியைத் திறந்து உள்ளிருக்கும் ஐந்து ஸ்லாட்டுகளில் ஒன்றில் கார்டை அழுத்திப் பொருத்தி, பின்புறம் தெரியும் ஒன்பது முனைச் சாக்கெட்டில் மானிட்டரின் கேபிளைச் செருகிவிட வேண்டியதுதான். அந்தச் சாக்கெட் இரண்டு கார்டுகளிலும் அணுவளவும் வித்தியாசமின்றி ஒரே வடிவில் இருந்ததில்தான், பிற்பாடு நல்ல மானிட்டர்கள் பாழாவதற்குரிய பீஜம் மறைந்து கிடந்தது.

5151 என்ற இலக்கம் தாங்கிய அந்தப் பச்சைத் திரை மானிட்டரின் உட்புறத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது அவசியம். படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஓடி, வரி வரியாகக் கோடிழுத்தே எழுத்தை உண்டாக்குகிறது. மானோகிரோம் கார்டு வினாடிக்கு 18,432 வரிகள் என்ற வேகத்தை நிர்ணயித்து, வரிக்கொரு துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கும். சாதாரண டெலிவிஷன் பெட்டியிலோ, ஒளிபரப்பு அடியோடு நின்றுபோனாலும் தன் தாளத்தைத் தானே போட்டுக்கொண்டிருக்கும் ஆஸிலேட்டர் ஒன்று உள்ளேயே உண்டு. 5151-இல் அது கிடையாது. கார்டிலிருந்து வரும் துடிப்பே உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் டிரான்ஸிஸ்டரையும் ஃப்ளைபேக் டிரான்ஸ்பார்மரையும் ஆட்டிவைத்தது. ஆகவே கார்டு ஒழுங்காக இருக்கும் வரையில் மானிட்டரும் சௌக்கியமாக இருந்தது.

சி.ஜி.ஏ. கார்டின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 15,700 வரிகளே. பச்சைத் திரையை அறியாமல் அதில் செருகிவிட்டால், ஒவ்வொரு வரியும் உரிய காலத்துக்கு மேல் சுமார் ஆறில் ஒரு பங்கு நீடிக்கும். டிரான்ஸிஸ்டர் அவ்வளவு அதிக நேரம் திறந்திருக்க, மின்னோட்டம் ஏறிக்கொண்டே போய், சூடு தாங்காமல் அது கருகிவிடும். முனைகளின் அமைப்பாவது வேறுபட்டிருந்தால் மானிட்டர் வெறுமனே இருண்டு கிடந்து பிழைத்திருக்கும். ஆனால் துடிப்புகளைக் கொண்டுவரும் 8ஆம், 9ஆம் முனைகள் இரண்டு கார்டுகளிலும் ஒரே இடத்தில் அமைந்திருந்தமையால், தவறான துடிப்பு எவ்விதத் தடையுமின்றி நேராக உள்ளே புகுந்தது. சில சமயம் காதைத் துளைக்கும் மெல்லிய கீச்சொலி ஒன்று எழும். அதைக் கேட்டவுடன் மின்சாரத்தை நிறுத்தியவர்கள் பாக்கியசாலிகள். நிறுத்துவதற்கும் மானிட்டரில் தனி சுவிட்சு இல்லை. கம்ப்யூட்டரின் பின்புறத்திலிருந்தே அது மின்சாரம் பெற்றதால், செய்துகொண்டிருந்த வேலையெல்லாம் போனாலும் போகட்டுமென்று கம்ப்யூட்டரையே அணைத்தாக வேண்டும்.

கேபிளை மாற்றிச் செருகுவது ஒன்றே இந்த நாசத்துக்கு வழி என்பதில்லை. கார்டின் வேகத்தை ஆண்ட மோட்டரோலாவின் 6845 என்ற சிப் பழுதுபட்டாலும், புரோகிராம் எழுதுவோர் அதற்குத் தவறான எண்களைக் கொடுத்துவிட்டாலும் விளைவு அதுவே. வெறும் எண்களைக் கொண்டு ஒரு பௌதிக வஸ்துவை எரித்துவிடலாம் என்ற செய்தி அக்காலத்துப் புரோகிராமர்களுக்கு வியப்பையும், சிலருக்கு விஷமத்தனமான குதூகலத்தையும் அளித்ததில் ஆச்சரியமில்லை.

இக்குறையை ஐ.பி.எம். புதிதாகப் படைத்தது என்று சொல்வது நியாயமாகாது. 1975இல் ஆல்புகர்க்கியில் எட் ராபர்ட்ஸ் விற்ற ஆல்டேர் யந்திரத்தின் நூறு முனை ஸ்லாட்டில், 8 வோல்ட்டுக்குப் பக்கத்து முனையிலேயே அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தம் காத்துக்கொண்டிருந்தது. கார்டு சற்றே சாய்ந்தாலும் ஆபத்து. ஆப்பிள் நிறுவனம் 1978இல் வெளியிட்ட டிஸ்க் II டிரைவின் இருபது முனைக் கேபிளை, அதன் கார்டின்மீது ஒரு வரிசை தள்ளிப் பொருத்துவதைத் தடுக்க ஏதும் இல்லை. அப்படிப் பொருத்தினால் 12 வோல்ட் பாய்ந்து, டிரைவினுள்ளே 74எல்எஸ்125 என்ற சின்னஞ்சிறு சிப் முதற்பலியாகும். அச்சிப்பை மாற்றினால் டிரைவு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்பதைப் பழுது பார்ப்போர் விரைவிலேயே கற்றுக்கொண்டார்கள்.

மானோகிரோம் கார்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. அதில் பதிந்திருந்த 256 வடிவங்களைத் தவிர வேறெதையும் அது காட்டாது. ஆங்கிலமல்லாத லிபி உடையோருக்கு அதனால் பிரயோஜனம் மிகச் சொற்பம். தன் தாய்மொழியாகிய தாய்லாந்து மொழியில் ஆய்வேட்டை எழுத விரும்பிய வான் சுவன்னுகுல் என்ற மாணவர், அந்தக் குறையைப் போக்கவே 1982இல் ஹெர்க்யூலிஸ் கார்டைச் சமைத்தார். 720 புள்ளிகள் அகலமும் 348 புள்ளிகள் உயரமும் கொண்ட சித்திரப் பரப்பை அது அதே பச்சைத் திரையில், அதன் உடலுக்கு ஒவ்வாத வேகத்தைத் திணிக்காமலே காட்டியது. அவருடைய சாமர்த்தியத்தில் நான் பெரிதாக மதிப்பது இந்த அம்சத்தையே.

1984இல் வந்த இ.ஜி.ஏ. கார்டோ அதே ஒன்பது முனைகளை வைத்துக்கொண்டு, பின்புறத்தில் நான்கு சிறு சுவிட்சுகளை அமைத்து, எந்த மானிட்டர் என்பதைத் தெரிவிக்கும் பொறுப்பை வாங்கியவர் தலையில் கட்டியது. 1987இல் வி.ஜி.ஏ. பதினைந்து முனைகளுக்கு மாறிய பிறகே பழைய மானிட்டரைப் புதிய கார்டில் மாற்றிச் செருகும் தவறு அசாத்தியமாயிற்று. அப்போதும் தவறான வேகத்தின் பயம் தீர்ந்தபாடில்லை. 1994இல் வீசா அமைப்பு வகுத்த டி.டி.சி. முறையினால், மானிட்டர் தன் இயல்பைத் தானே கார்டுக்குச் சொல்லும் வழக்கம் பிறந்தது. அதுவரை கருகியவற்றுக்கெல்லாம் உபயோகித்தவரின் கவனக்குறைவே காரணமென்று சொல்லப்பட்டது. வேறு வடிவச் சாக்கெட் ஒன்றை வைக்க மறுத்த சிக்கனத்துக்கே அந்தப் பழி உரியது என்பது என் அபிப்பிராயம்.

பழைய 5151 மானிட்டர் ஒன்று கையில் கிடைத்து அதற்கு உயிர்கொடுக்க விரும்பும் அன்பர்கள், ஸ்லாட்டில் இருப்பது எந்தக் கார்டு என்பதையும், சுவிட்சுகள் எந்நிலையில் உள்ளன என்பதையும் கண்ணாரப் பார்த்த பின்னரே மின்சாரத்தைச் செலுத்துவார்களாக.