பெரும்பாதனைத் தேடி

என்னுடைய நாவல் ஒன்றில் ஒருவன் வெள்ளத்தில் குதித்து மறைந்து போகிறான். அவன் செத்தானா, பிழைத்தானா என்று நான் எழுதவில்லை. அதன் பலனை இன்றுவரை அநுபவித்து வருகிறேன். "அவன் இப்போது எங்கே இருக்கிறான்?" என்று கேட்டு வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்கள். "ஐயா, புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு அப்பால் அவன் எங்குமே இல்லை" என்று பதில் போட்டால், நான் ஏதோ ரகசியத்தை ஒளித்து வைத்திருப்பதாக முடிவு கட்டிவிடுகிறார்கள்!

படைத்தவனே 'இல்லை' என்று சொன்னாலும் நம்ப மறுக்கும் இந்த விந்தைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதை எனக்குக் காட்டிக் கொடுத்தவன் என் பேரன்.

சென்ற கோடை விடுமுறையில் அவன் பழைய வீடியோ கேம் ஒன்றை விளையாடிக் கொண்டிருந்தான். திரையில் கார்கள் பறந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. திடீரென்று எல்லாம் அடங்கி, பனி மூடிய ஒரு காடு தெரிந்தது.

"தாத்தா, இந்தக் காட்டிலே ஒரு மிருகம் இருக்காம். யாருமே பார்த்ததில்லையாம்!" என்றான்.

"யாருமே பார்க்காத மிருகம் இருக்கிறதென்று உனக்கு யார் சொன்னது?"

"பார்த்தவங்கதான் சொன்னாங்க!"

இந்தப் பதிலில் உலகத்துப் பூதக் கதைகள் அத்தனையும் அடங்கியிருக்கின்றன அல்லவா?

அந்த மிருகத்தின் பெயர் பிக்ஃபுட். தமிழில் பெரும்பாதன் என்று வைத்துக் கொள்ளலாம். வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் மனிதனைப்போல் இரண்டு காலில் நடந்து, உடலெல்லாம் ரோமம் மூடிய பிராணி ஒன்று உண்டு என்பது அங்குள்ள பூர்வகுடிகளின் பழைய நம்பிக்கை. அவர்கள் வழங்கிய ஒரு சொல்லை 1920களில் கனடாவில் ஜே.டபிள்யூ. பர்ன்ஸ் என்ற ஆசிரியர் 'சாஸ்க்வாட்ச்' என்று ஆங்கிலமாக்கினார். 1958இல் கலிபோர்னியாவின் பிளஃப் கிரீக் என்ற இடத்தில் சாலை போடப் போன ஜெர்ரி க்ரூ என்பவர், மண்ணில் பிரம்மாண்டமான காலடிகளைக் கண்டார். 'ஹம்போல்ட் டைம்ஸ்' என்ற பத்திரிகை அதை வெளியிட்டது. பிக்ஃபுட் என்ற பெயர் நாடெங்கும் பரவியது. 1967இல் அதே வட்டாரத்தில் இருவர் ஒரு சலனப் படமும் எடுத்து வந்தார்கள்.

2002இல், அந்தச் சாலை வேலையின் காண்டிராக்டரான ரே வாலஸ் காலமானார். அவருடைய குடும்பத்தார் மரத்தில் செதுக்கிய இரண்டு பெரிய பாதங்களை எடுத்துக் காட்டி, "அந்தக் காலடிகள் அவர் செய்த வேடிக்கை" என்றார்கள். நம்பியவர்கள் நம்புவதை நிறுத்தினார்களா? அதுதான் இல்லை!

இரண்டு ஆண்டுகள் சென்றன. 2004 அக்டோபரில், ராக்ஸ்டார் நிறுவனத்தின் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' என்ற ஆட்டம் வெளிவந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிலிருந்தவர்கள், கலிபோர்னியாவையும் நெவாடாவையும் பார்த்து உருவாக்கிய கற்பனை மாகாணம் அது. மூன்று நகரங்கள், நடுவே மலை, காடு, பாலைவனம். இவ்வகை ஆட்டங்களைத் 'திறந்த உலகம்' என்கிறார்கள். இட்ட வேலையைச் செய்யாமல் மனம் போன போக்கில் சுற்றி அலைய அதில் இடமுண்டு. அலைந்தவர்கள் சிலியாட் மலையடியையும், பேக் ஓ பியாண்ட் என்ற காட்டையும் அடைந்தார்கள். கலிபோர்னியாக் காடென்றால் பெரும்பாதன் இல்லாமல் இருப்பானா? மரங்களுக்கிடையே ஒரு கரிய உருவத்தைக் கண்டதாக ஒருவர் சொன்னார். மற்றொருவர் படமே காட்டினார். பொய்ப் படங்களும் கிளம்பின.

ஒரு நாள் இரவு, பேரன் தூங்கிய பிறகு, நானும் அந்தக் காட்டுக்குள் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் நெஞ்சு அடித்துக் கொண்டது. சரிவிலிருந்து அடிபட்ட பழைய கார் ஒன்று உருண்டு வந்தது. உள்ளே ஓட்டுகிறவனைக் காணோம்! நான் இயந்திரத்தை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். காலையில் பேரன் சிரித்தான். பழைய கார்களைச் சரிவில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். நாம் அருகே போனதும் அவை தோன்றித் தாமாகவே உருளுமாம். பேயுமில்லை, பூதமுமில்லை.

நிறுவனத்தின் தலைவரே, "நிஜ வாழ்க்கையில் இல்லாதது போலவே ஆட்டத்திலும் பெரும்பாதன் இல்லை" என்ற பொருள்படப் பத்திரிகைக்குச் சொல்லி விட்டார். 2005இல் கம்ப்யூட்டருக்கான பதிப்பு வந்ததும், கெட்டிக்காரர்கள் அதன் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தார்கள். நிஜக் காட்டில் எந்தப் புதரில் எது ஒளிந்திருக்கிறது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. இதுவோ மனிதர்கள் கையால் செய்த காடு. ஒவ்வொரு மரத்துக்கும் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் பெரும்பாதன் இல்லை. அப்படியும் தேடல் நிற்கவில்லை. சிலர் தாங்களே பெரும்பாதனைச் செய்து ஆட்டத்துக்குள் விட்டார்கள். சுவாமி இல்லாத கோயிலில் பக்தர்களே விக்கிரகம் வார்த்துப் பிரதிஷ்டை செய்ததுபோல!

கடைசியில் படைத்தவர்களே இறங்கி வந்தார்கள். 2013இல் வெளிவந்த ஐந்தாவது ஆட்டத்தில் பெரும்பாதனைத் துரத்திப் பிடித்தால், அவன் ரோம உடை அணிந்த மனிதன்! வாலஸின் மரப் பாதங்களுக்கு இது தம்பி என்று சொல்லலாம்.

ஆனால் என் மனத்தைத் தைத்தது அதற்கு மூன்று ஆண்டு முந்தியது. 2010இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்: அன்டெட் நைட்மேர்' ஆட்டத்தில் நிஜமான சாஸ்க்வாட்சுகளே இருக்கின்றன. "அவை குழந்தைகளைத் தின்கின்றன, கொன்றுவிடு" என்று காட்டில் ஒருவன் சொல்கிறான். நாமும் ஒவ்வொன்றாகச் சுட்டுக் கொண்டே போகிறோம். கடைசி ஒன்று ஓடவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து அழுகிறது. பிறகு பேசுகிறது! தாங்கள் தின்பது பழங்களும் காளானும்தான் என்கிறது. தன் இனத்தில் தான் ஒருவனே மிச்சம், தன்னையும் கொன்றுவிடு என்று கெஞ்சுகிறது. சுடுவதும் விடுவதும் நம் கையில்.

பேரன் சுடவில்லை. "முன்னாடியே கேட்டிருக்கலாம், தாத்தா" என்று மட்டும் சொன்னான்.

ஆண்டுக் கணக்கில் ஏங்கித் தேடியவர்கள், கிடைத்தால் என்ன செய்வது என்று யோசித்தார்களா? கையில் துப்பாக்கி இருந்தது. யாரோ சொன்ன ஒரு வதந்தி இருந்தது. அது போதுமாயிருந்தது. நிஜ உலகத்துக் காடுகளின் சரித்திரத்திலும் இப்படி எத்தனையோ பிராணிகள், நாம் கேள்வி கேட்பதற்கு முன்பே தீர்ந்துபோயின.

போன வாரமும் ஒரு கடிதம் வந்தது. "வெள்ளத்தில் போனவன் எங்கே?" இம்முறை நான் 'இல்லை' என்று எழுதவில்லை. "நீங்கள் தேடும் இடத்தில்தான் இருப்பான். கண்டுபிடித்தால் அவனை என்ன செய்வதாக உத்தேசம்?" என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.