சிங்கைக்கு வந்த வங்காள இயக்குநர்

மலாய்த் திரைப்படம் என்றதும் நம் நாவில் முதலில் எழுவது பி. ரம்லியின் பெயர். அது முறையே. ஆனால், அவர் புகழை உயர்த்திய இரு படங்களை இயக்கியவர் யாரெனக் கேட்டால் விடை கூறுவோர் சிலரே. 1911ஆம் ஆண்டு ஃபரீத்பூரில் பிறந்த வங்காளியான ஃபணி மஜும்தாரே அவர்.

கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் பி. சி. பருவாவிடம் தொழில் பயின்ற அவர், 1938இல் 'ஸ்ட்ரீட் சிங்கர்' என்னும் படத்தால் பெயர் பெற்றார். அப்படத்தில் சைகல், முன்பே பதிவான குரலுக்கு வாயசைக்காமல், நடந்துகொண்டே நேராகப் பாடி நடித்தது இன்றும் பேசப்படுகிறது. பின்னர்ப் பம்பாயில் அவர் இயக்கிய படங்களை ஈண்டு விரிப்பின் பெருகும்.

ஐம்பதுகளின் நடுவில் சிங்கைக்கு வந்து, ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் பணியேற்றார். இந்திய இயக்குநர்கள் மலாய்ப் படங்களில் இந்திய வாடையையே ஏற்றிவிட்டனர் என்னும் குறை நெடுநாளாகக் கூறப்படுவது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், 1956இல் வெளிவந்த 'ஹங் துவா'வின் இறுதிக் காட்சியைக் கண்டவர் அக்குறையை முழுமையாக ஏற்பதற்கில்லை. அரச ஆணையை மீறாத துவா, தன்பொருட்டுக் கிளர்ந்தெழுந்த நண்பன் ஜெபாட்டைக் கொல்கிறான். ஆனால், படம் வெற்றி முழக்கத்தோடு முடியவில்லை. நீதி தன் பக்கமா, நண்பன் பக்கமா எனத் துவாவே ஐயுற்று நிற்க, திரை விழுகிறது. அரச விசுவாசத்தின் வடிவமென நாம் வகுப்பறையில் கற்பிக்கும் வீரனை அவ்வாறு நிறுத்தியது சிறு துணிவன்று! 1961இல் ஹுசேன் ஹனிஃப் தம் 'ஹங் ஜெபாட்' படத்தில் ஜெபாட்டையே நாயகனாக்கினார். அவ்வழியில் முதலடி இங்கேயே வைக்கப்பட்டுவிட்டது என்பது என் கருத்து.

அதே 1956இல் வந்தது 'அனாக்கு சசாலி'. தாயில்லா மகனைச் செல்லம் கொடுத்தே கெடுத்த தந்தை, குற்றவாளியாகிவிட்ட அவனைக் காவலரிடம் தாமே ஒப்படைக்கிறார். தந்தை, மகன் ஆகிய இரு வேடங்களையும் ஏற்ற ரம்லிக்கு, 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிட்டியது. (பெற்றோர் கூட்டங்களில் நாம் ஆற்றும் உரைகளைவிட இப்படம் பயனுடையது.)

பாசமும் கடமையும் மோதும் களமே மஜும்தாரின் உள்ளத்தை ஈர்த்தது போலும். இந்தியா திரும்பிய பின் 1965இல் அவர் இயக்கிய 'ஊஞ்சே லோக்' படத்தில், பார்வையிழந்த முன்னாள் படை அதிகாரி ஒருவர், தம் மகனைக் கொன்றவனென்று அறியாமலே ஒருவனுக்குப் புகலிடம் தருகிறார். அதன் மூலம், கே. பாலசந்தரின் மேடை நாடகமாகிய 'மேஜர் சந்திரகாந்த்'. பாலசந்தர் அதனைத் தமிழில் படமாக்கியது 1966இல். தமிழ் மேடையில் பிறந்த கதை, தமிழ்த் திரைக்கு வருமுன்னரே, மலாய்ப் படங்களை இயக்கித் திரும்பிய ஒரு வங்காளியின் கையால் இந்தியில் வெளிவந்துவிட்டது.