கழுத்தெலும்புகள்: எண்ணும் பெயரும்

முன்னுரை

திருவனந்தபுரத்தின் வடபால், கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டம் வளாகத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் கீழ்த்திசை ஆய்வு நிறுவனச் சுவடி நூலகமும் அமைந்துள்ளன. சமற்கிருதம், மலையாளம், தமிழ் ஆகிய மும்மொழிச் சுவடிகளும் அந்நூலகத்தில் ஒருங்கே காக்கப்படுகின்றன. பழைய திருவிதாங்கூரின் மருத்துவ அறிவும் ஒரு மொழிக்குள் அடங்கியதன்று. கழுத்தெலும்புகள் வெவ்வேறு மரபுகளில் எண்ணப்பட்ட முறையையும் பெயர்பெற்ற முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எண்ணிக்கை வேறுபாடு

இன்றைய உடற்கூற்றியலின்படி கழுத்து முள்ளெலும்புகள் 7. வேறெந்த எலும்போடும் மூட்டுறாத நாவடி எலும்பு தனியே எண்ணப்படும். சரக சங்கிதை கழுத்தில் 15 எலும்புகளைக் கூறுகிறது. சுசுருத சங்கிதை 9 எனக் கூறி, கண்டநாடிக்கு 4 எனத் தனியே சேர்க்கிறது. இவற்றைப் பிழையென ஒதுக்குதல் பொருந்தாது. குருத்தெலும்பையும் பல்லையும் எலும்பின் வகைகளாகவே சுசுருதர் கொண்டார். எலும்பு என்பதன் வரையறை மாறும்போது எண்ணும் மாறுகிறது. 1907இல் ஹோர்ன்லே பண்டைய இந்திய எலும்பியலை விரிவாக ஆராய்ந்து, இவ்வெண்ணிக்கைகளின் அடிப்படையை விளக்க முயன்றார்.

வர்ம மரபு

1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த குமரிப் பகுதியில் வர்ம நூல்கள் தமிழில் வழங்கின. அவை எலும்புகளை எண்ணுவதில் கருத்துச் செலுத்தவில்லை. அடிபட்டால் ஊறு விளையும் இடங்களையே வகுத்தன. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 வர்மங்கள் கூறப்படும். அவற்றுள் முடிச்சு வர்மம் என்பது பிடரியின் அடியில் உள்ளது. ஏழாம் முள்ளெலும்பின் புடைப்பு விரலுக்குத் தட்டுப்படும் இடமும் அதுவே. கண்ணால் அறுத்துக் கண்டதற்கன்றி, கையால் தொட்டு உணர்ந்ததற்கு இட்ட பெயர் இது எனலாம்.

மொழிபெயர்ப்பு மரபு

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரில் 1872இல் தமிழில் வெளிவந்தது. அத்தலைப்பு வடசொற்களால் ஆனது. 1875இல் வெளிவந்த வேதியியல் நூலோ ‘கெமிஸ்தம்’ என ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைவித்துக்கொண்டது. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. கிறீன் 1873இல் நாடு திரும்பிய பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை.

பெயர்களின் நெறி

கழுத்தின் முதல் எலும்பு மண்டையோட்டைத் தாங்குவதால், வானைச் சுமந்த கிரேக்கத் தொன்மப் பாத்திரமான அட்லசின் பெயரைப் பெற்றது. இரண்டாவது எலும்பின் முளையை அச்சாகக் கொண்டு முதலெலும்பு சுழல்வதால், ‘இல்லை’ எனத் தலையசைத்தல் இயல்கிறது. தமிழிலும் இத்தகைய காரணப்பெயர்கள் உள்ளன. முள்போல் நீண்டதனால் முள்ளெலும்பு. கழுத்தணியாகிய காறையின் பெயரால் காறையெலும்பு. எருத்து, பிடர், மிடறு என உறுப்பின் பகுதிகளை நுணுகி வேறுபடுத்தும் சொற்களும் உள. செய்யுளின் ஈற்றயலடியை எருத்தடி என வழங்கியமை, உடலுறுப்பின் பெயர் யாப்பியல் வரை சென்றமையைக் காட்டுகிறது.

முடிவுரை

ஆயுர்வேதம் எண்ணியது, வர்மம் தொட்டறிந்தது, மொழிபெயர்ப்பு நூல்கள் வரிசைப்படுத்தின. இன்றைய கலைச்சொல்லாக்கம் மூன்றாவதை மட்டுமே அடியொற்றுமாயின், தென்திருவிதாங்கூர்த் தமிழின் சொல்வளம் சுவடியளவிலேயே நின்றுவிடும். வர்மச் சுவடிகளின் உறுப்புப் பெயர்களை உடற்கூற்றியலோடு ஒப்பிட்டுத் தொகுத்தல் தமிழாய்வின் உடனடிக் கடமையாகும்.