வாசல் மட்டும் மிஞ்சிய நகரம்

அஹமதாபாத்தின் கோட்டைச் சுவரைப் பார்க்கணும்னு சொன்னதும் காகா சிரித்துவிட்டார். "சுவரா? அதை எப்பவோ இடிச்சாச்சு பேட்டா. வாசல் வேணும்னா காட்டுறேன்."

அலுவலக வேலையாகப் போன இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம் கிடைத்தது. காகா என்றால் குஜராத்தியில் சித்தப்பா. எனக்கு வழிகாட்டியாக வந்தவரை அப்படித்தான் கூப்பிட்டேன். வயது அறுபதுக்கு மேல். பழைய நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். காளுப்பூர் ஸ்வாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜும்மா மசூதியில் முடியும் பாதையில் நடந்தோம். 1997இல் மாநகராட்சி பாரம்பரிய நடையை ஆரம்பித்த அதே பாதைதான். காகா தனக்குப் பிடித்த இரண்டு மூன்று சந்துகளையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்.

1411இல் சுல்தான் அஹமத் ஷா சபர்மதிக் கரையில் இந்த நகரத்தை உருவாக்கினார். அவர் கட்டியது பத்ரா கோட்டை. ஊரைச் சுற்றிய மதில் அவருடைய பேரன் மஹ்மூத் பேகடா காலத்தில், 1487 வாக்கில் வந்தது என்கிறார்கள். சுற்றளவு சுமார் 10 கிலோமீட்டர், 12 வாசல்கள், 189 கொத்தளங்கள்.

அந்த மதிலின் பிற்காலக் கதைதான் சுவாரசியம். 1830களில் ஆங்கிலேயர் ஆட்சியில் மதில் பல இடங்களில் இடிந்து கிடந்தது. பழுதுபார்க்கப் பணம் வேண்டும். நெய் முதலான சரக்குகள் மீது ஒரு சிறு வரி போட்டு, அதை நிர்வகிக்க ஒரு குழு அமைத்தார்கள். இன்றைய மாநகராட்சிக்கு முன்னோடி அந்தக் குழுதான். ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 1920களில் தொடங்கி, நெரிசலைக் குறைக்க மதிலை இடித்ததும் அதே நகராட்சிதான். இன்று டெல்லி தர்வாஜா, ஆஸ்டோடியா தர்வாஜா எல்லாம் இருபுறமும் சுவரில்லாமல் சாலை நடுவே நிற்கின்றன. ஆட்டோக்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

"வெளிச்சுவர் போயிடுச்சு. உள்சுவரைப் பாரு," என்று ஒரு பெரிய மரக்கதவு வழியாக என்னை உள்ளே கூட்டிப்போனார் காகா.

அது ஒரு போள். ஒரே சாதியோ ஒரே தொழிலோ செய்யும் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் தெரு. பெரும்பாலும் நுழைய ஒரே வாசல். 18ஆம் நூற்றாண்டில் முகலாயரும் மராத்தியரும் இந்த நகரத்துக்காக மோதிக்கொண்டபோது, ஊர் மதிலை மட்டும் நம்பிப் படுக்க முடியாத நிலை. ராத்திரி போளின் கதவை அடைத்துவிட்டுக் காவலுக்கு ஆள் வைத்தார்கள். அவசரத்துக்குப் பக்கத்து போளுக்குத் தப்பிக்க ரகசிய வழியும் உண்டு. நடுவில் பறவைகளுக்குத் தானியம் வைக்கும் சபுத்ரோ, உயரமான கம்பத்தின் மேல் ஒரு குட்டி மண்டபம் மாதிரி. வீடுகளின் முற்றத்துக்குக் கீழே மழைநீர்த் தொட்டி. செங்கலுக்கு நடுவே மரச்சட்டம் கோத்துக் கட்டிய வீடுகள். 2001 பூகம்பத்தில் நகரின் புதிய பகுதிகளில் கான்கிரீட் அடுக்குமாடிகள் சரிந்தபோது, இந்த வீடுகள் பெரும்பாலும் ஆடிவிட்டு நின்றுகொண்டன.

நான் பிரமித்துப்போய் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். காகா ஒரு பூட்டிய வீட்டின் முன் நின்றார். "இது எங்க வீடு."

பிள்ளைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். கார் நிறுத்த இடமில்லாத வீட்டுக்கு மருமகள் வர மாட்டாள். விற்கலாமென்று இரண்டு வருடமாகப் பார்க்கிறார். ஒரு தையல்காரர் குடும்பத்தோடு குடிவரக் கேட்டார், முஸ்லிம். இன்னொருவர் துணி மூட்டை அடுக்கக் கேட்டார், குடோனுக்கு.

அந்தக் காலத்தில் போளில் ஒரு வீட்டை வெளியாளுக்கு விற்க வேண்டுமென்றால் முதலில் போள்காரர்களிடம் கேட்க வேண்டும் என்பது வழக்கம். இப்போது சட்டமே இருக்கிறது. 1980களின் கலவரங்களுக்குப் பிறகு வந்த 'கலவரப் பகுதிகள்' சட்டப்படி, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் சொத்தை விற்கக் கலெக்டரின் முன் அனுமதி தேவை. பயந்துபோய் யாரும் வீட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக வந்த சட்டம். அதுவே இந்துவும் முஸ்லிமும் அடுத்தடுத்து குடியிருப்பதைத் தடுக்கும் வேலியாகவும் ஆகிவிட்டது.

"குடோன்னு சொன்னப்ப போள்ல ஒருத்தரும் வாயைத் திறக்கல," என்றார் காகா. "தையல்காரர்னு சொன்னதும் அஞ்சு பேர் வீட்டுக்கு வந்துட்டாங்க. மூட்டை வரலாம், மனுசன் வரக் கூடாது."

2017இல் யுனெஸ்கோ இந்த மதில் நகரத்தை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது, இந்தியாவிலேயே முதலாவதாக. இந்து, சமண, இஸ்லாமிய மரபுகள் சேர்ந்து வாழ்ந்த ஊர் என்பது அந்தப் பெருமையின் ஒரு பகுதி.

"உங்க ஊர்ல இதெல்லாம் கிடையாதுல்ல?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சென்னையில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாசலில் யார் வந்தாலும் செயலியில் பதிவாகும். போன வருடம் ஒரு வீட்டுக்கு வாடகைக்கு வரவிருந்தவரின் பெயரைக் குழுவில் போட்டு, "ஃபேமிலிதான், ஆனா நான்வெஜ். யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்று கேட்டார்கள். அசைவம் பிரச்சினை இல்லை என்று அந்தப் பெயரைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். நான் வாரம் மூன்று நாள் பிரியாணி சாப்பிடுகிறவன். அன்றைக்கு அதைப் படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். அவர் வரவில்லை.

காகாவிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நானும் அந்த அஞ்சு பேருக்கு டீ போட்டுத்தான் அனுப்பினேன்," என்றார்.

1424இல் கட்டிய ஜும்மா மசூதியின் முற்றத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது, தையல்காரரின் எண் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். ஃபோனைத் தேடிப் பார்த்தார். இருந்தது.