ஒரு டப்பா மெழுகு

மாப்பிள்ளை அழைப்பு ராத்திரி ஏழு மணிக்கு என்றால், மத்தியானம் இரண்டு மணிக்கே டிரைவர் மாமா காரைப் புளியமரத்தடிக்குக் கொண்டுவந்துவிடுவார். ஆர்.கே.பேட்டையில் அப்போது வாடகைக்கு ஓடிய அம்பாசடர்களில் அவருடையதும் ஒன்று. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. சோளிங்கர், திருத்தணி, பள்ளிப்பட்டு, எப்போதாவது திருப்பதி என்று ஓடி ஓடிப் புழுதி அதன் உடம்பில் ஊறிப்போயிருக்கும். சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, பனியனோடு பானட்டின்மேல் குனிவார். சுற்றிலும் தறிச் சத்தம். நெசவு ஊர் அல்லவா, துடைக்கிற துணிக்கு மட்டும் அங்கே பஞ்சமே இருந்ததில்லை.

முதலில் தண்ணீர். அப்புறம் ஷாமித் தோலால் ஈரத்தை ஒற்றி எடுப்பார். அடுத்தது ரப்பிங் காம்பவுண்டு. விரலில் எடுத்தால் பல்பொடியை எண்ணெயில் குழைத்ததுபோல் நறநறக்கும். தேய்க்கத் தேய்க்க, வெளுத்துச் செத்துப்போன பெயின்ட் துணியில் கறுப்பாக இறங்கும். ஓரங்களுக்கு வரும்போது மட்டும் கையைத் தளர்த்துவார். அங்கே அழுத்தினால் பெயின்ட் போய் அடிப்பூச்சு பல்லிளித்துவிடும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் சீட்டுக்கு அடியிலிருந்து அந்தத் தகர டப்பா வெளியே வரும்.

மூடியை நாலணாக் காசால் நெம்பித் திறப்பார். உள்ளே உறைந்த நெய் நிறத்தில் மெழுகு. டர்பன்டைன் வாசனை குப்பென்று மூக்கில் ஏறும். எனக்கு இன்றைக்கும் கல்யாண வாசனை என்றால் மல்லிகைக்குப் பக்கத்தில் அதுவும் சேர்ந்துதான் வரும்.

“கொஞ்சமா எடு கண்ணு. அப்பிட்டா பூசணம் பூத்தா மாதிரி ஆயிடும். மெழுகு இருக்கறது தெரியக் கூடாது.”

மெல்லிசாக, வட்டம் வட்டமாகப் பூசி, அது வெளுத்துக் காயும்வரை ஒரு பீடி. பிறகு மெத்தென்ற பழைய வேட்டித் துணியால் துடைப்பார். வெள்ளைத் திரை விலக விலக, உள்ளே புளியமரம் தலைகீழாக முளைக்கும்.

ராத்திரி ஊர்வலத்தில் நாகஸ்வரம் முன்னே போகும். காஸ் விளக்கைத் தலையில் சுமந்தவர்கள் இரண்டு பக்கமும் நடப்பார்கள். அந்த ஒவ்வொரு விளக்கும் பானட்டில் சிதறாமல் முழுசாகத் தெரியும். ஊரே மாப்பிள்ளையைப் பார்க்கும். டிரைவர் மாமாவின் கண் மட்டும் அந்த விளக்குகளின் மேலேயே இருக்கும்.

அந்த மெழுகு எங்கிருந்து வருகிறது என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது. மெழுகுவர்த்திக்காரர்கள் செய்வது என்று நான் நினைத்திருந்தேன். அது ஒரு பனையிலிருந்து வந்தது என்று ரொம்ப வருஷம் கழித்துப் படித்தபோது, அவரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

பிரேசிலின் வடகிழக்கில் சியரா, பியாவி, ரியோ கிராண்டி டோ நோர்ட்டி ஆகிய மாநிலங்களில் ‘கார்னவுபா’ என்றொரு பனை வளர்கிறது. கோப்பர்நிக்கஸ் பெயரால் அதன் பேரினத்துக்குக் கோப்பர்நீசியா என்று தாவரவியல் பெயர். அங்குள்ளவர்கள் அதை வாழ்வின் மரம் என்கிறார்கள். நம்மூர்ப் பனையைப்போலவே அடி முதல் நுனி வரை அதிலும் எதுவும் வீணாவதில்லை. மாதக்கணக்கில் மழை பெய்யாத பூமி அது. ஓலையில் இருக்கிற ஈரத்தை வெயில் உறிஞ்சிவிடாமல் இருக்க, மரம் தன் ஓலையின் மேல் தானே ஒரு பூச்சைப் பூசிக்கொள்கிறது. அதுதான் கார்னவுபா மெழுகு.

நமக்கு இது புதிதில்லை. பந்தியில் வாழை இலை போட்டுத் தண்ணீர் தெளித்தால், துளிகள் ஒட்டாமல் ஓடுவதைப் பார்த்துத்தானே சாப்பிட உட்காருகிறோம். ஒட்டாத உறவுக்குத் ‘தாமரை இலைத் தண்ணீர்’ என்று பெயர் வைத்தவர்கள் நாம். தாமரை இலையின் மேல் நுண்ணிய மெழுகுத் துகள்கள் இருக்கின்றன. அதனால்தான் தண்ணீர் முத்தாகத் திரண்டு உருளுகிறது. பாலீஷ் போட்ட மறுநாள் மழை பெய்தால் அம்பாசடர் பானட்டில் உருண்டதும் அதே முத்துதான். ஓலைக்குள் தண்ணீரைக் காத்த மெழுகு, பெயின்டுக்குள் தண்ணீர் இறங்காமல் காத்தது.

மழையற்ற மாதங்களில் ஓலை வெட்டுகிறார்கள். நீண்ட கழியின் நுனியில் அரிவாள் கட்டிய ஒரு கருவி. பார்த்தால் நம்ம தொரட்டிதான். வெட்டிய ஓலையைத் தரையில் பரப்பி வெயிலில் காயவைத்து, அடித்து உதிர்த்தால் பொடியாக மெழுகு விழும். ஓர் ஓலைக்குச் சில கிராம்தான் தேறும். உருக்கி, வடிகட்டி, ஆறவைத்து, உடைத்துச் சாக்கில் கட்டுகிறார்கள். கருக்குள்ள மட்டை, கண்ணில் விழும் தூசி, கொளுத்தும் வெயில். இந்த வேலையில் கூலிகள் அடிமைகளைப்போல நடத்தப்படுவதை 2017இல் ஜெர்மன் தொலைக்காட்சி ஒன்று படம்பிடித்துக் காட்டியது. பிரேசிலின் தொழிலாளர் அதிகாரிகளும் பலரை அங்கிருந்து மீட்டிருக்கிறார்கள். வெறும் தரையில் படுத்து, குட்டைத் தண்ணீரைக் குடித்தவர்கள் அவர்கள். எங்கள் டப்பாவில் இருந்ததிலும் அப்படி ஒருவருடைய வியர்வை இருந்திருக்குமோ என்ற நினைப்பு எனக்குத் தொண்டையில் முள்ளாகவே நிற்கிறது.

இந்த மெழுகின் அருமை அதன் கடினத்தில் இருக்கிறது. தேன்மெழுகு 62 டிகிரியைத் தாண்டினால் உருகிவிடும். கார்னவுபா உருக 82 முதல் 86 டிகிரி வேண்டும். வெயில் செய்தியில் திருத்தணியின் பெயர் அடிபடாத சித்திரை உண்டா? கை வைக்க முடியாமல் கொதிக்கிற பானட்டிலும் அது இளகாமல் நின்றதன் காரணம் இதுதான். ஆனால் தனியாக எடுத்தால் செங்கல், பூசவே முடியாது. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியத்தைச் சேர்த்துப் பதம் பார்ப்பதுபோல, இதற்கும் பாரஃபின், தேன்மெழுகு, டர்பன்டைன் எல்லாம் சேர்த்துத்தான் பதம் வரும். பாரஃபினைத் தேடிக் கடல் தாண்ட வேண்டியதில்லை. மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று 1965இல் தொடங்கி, இப்போது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று பெயர் மாறிய கம்பெனியின் மணலி ஆலையிலேயே பாரஃபின் மெழுகு வருகிறது.

காருக்கு மெழுகு இவ்வளவு தேவைப்பட்டதற்கும் ஒரு கதை உண்டு. ஆரம்பகாலக் கார்களுக்கு வார்னிஷ் பூசிக் காயவைக்கவே வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் ‘ட்யூகோ’ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டைக் கொண்டுவந்தது. 1924ஆம் ஆண்டு மாடலான ஓக்லாண்டு கார் அந்தப் பூச்சில் நீலமாக வெளிவந்தது. வாரக்கணக்கு மணிக்கணக்காகக் குறைந்தது. நம்ம டிங்கரிங் பட்டறைகளில் எந்தக் கம்பெனி பெயின்டை அடித்தாலும் “ட்யூகோ அடிச்சிருக்கு” என்று சொல்லும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்தப் பெயின்டுக்கு வெயில் ஆகாது. சில மாதத்திலேயே சுண்ணாம்பு பூத்தாற்போல் மங்கிவிடும். வாரா வாரம் கை பட்டால்தான் முகம் வெளுக்காமல் இருக்கும். சைமனைஸ் என்கிற மெழுகுக் கம்பெனியின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகவே ஆகிப்போனது.

1935இல் ஜான்சன் மெழுகுக் கம்பெனியின் தலைவர் எச்.எஃப். ஜான்சன், தண்ணீரிலும் இறங்கக்கூடிய சிக்கோர்ஸ்கி விமானம் ஒன்றில் விஸ்கான்சினிலிருந்து பிரேசிலுக்கே பறந்தார். தன் தொழிலுக்கு வேண்டிய பனை இன்னும் எத்தனை காலம் கிடைக்கும் என்று நேரில் பார்க்கத்தான் அந்தப் பயணம். விமானத்துக்கு அவர் வைத்த பெயர் ‘கார்னவுபா’. 1998இல் அவர் மகன் அதே மாதிரி விமானம் ஒன்றைச் செய்வித்து, அப்பா போன வழியில் மறுபடி பறந்தார். அந்தப் பிள்ளையை எனக்கு நன்றாகப் புரிகிறது.

எங்கள் டப்பாவின் கடைசிக் கட்டப் பயணம் அவ்வளவு பெரிதில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஸ்பேர் வாங்கப் போகும்போது டிரைவர் மாமா ஒரு டப்பா வாங்கி மஞ்சப் பையில் போட்டுக்கொள்வார். திருவள்ளூர், திருத்தணி வழியாக மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். புதுக் காருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். இருக்கிற காரை இருபது, முப்பது வருஷம் வைத்துக் காப்பாற்றியாக வேண்டும். மெழுகு என்பது தமிழில் பெயர்ச்சொல் மட்டுமில்லை, வினையும்கூட. வாசலை மெழுகுகிற அம்மா நேற்றுத்தானே மெழுகினோம் என்று சலித்துக்கொள்வதில்லை. மாமாவும் அப்படித்தான்.

பிறகு பெயின்ட் மாறியது. நிறத்துக்கு மேல் கண்ணாடிபோல ஒரு ‘கிளியர் கோட்’ வந்தது. அடுப்பில் சுட்டெடுத்த பூச்சு எளிதில் மங்கவில்லை. 1998இல் எங்கள் மாவட்டத்திலேயே, திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் தயாராக ஆரம்பித்தது. அதே ஆண்டு இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. இப்போது செராமிக் கோட்டிங் என்று சிலிக்கா பூசுகிறார்கள். வருஷக்கணக்கில் தாங்கும் என்கிறார்கள். நல்ல சரக்குதான், குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு காரின் எந்த இடத்தில் சிராய்ப்பு, எந்த மூலையில் துரு துளிர்க்கிறது என்பதை உள்ளங்கையால் தெரிந்துவைத்திருந்த மனிதர்கள் இனி எங்கே இருக்கப்போகிறார்கள்? கோயம்புத்தூர் ஜீடீ மியூசியத்திலும் வடபழனி ஏவிஎம் மியூசியத்திலும் வரிசையாக நிற்கும் பழைய கார்களைப் பார்க்கும்போது, என் கண் முதலில் தேடுவது பக்கத்தில் மடித்துவைத்த துணி ஏதாவது தெரிகிறதா என்றுதான்.

டிரைவர் மாமாவின் கார் பழைய இரும்புக்குப் போய்ப் பல வருஷமாகிறது. டப்பா மட்டும் ஆணி போட்டுவைக்க மிஞ்சியிருக்கிறது. போன பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேத்தி தின்றுகொண்டிருந்த வண்ணச் சாக்லேட் பொட்டலத்தின் பின்பக்கத்தைக் காட்டினேன். பொடி எழுத்தில் ‘ஐஎன்எஸ் 903’ என்று இருந்தது. மெருகுக்காகச் சேர்ப்பது; கார்னவுபாவின் எண் அது. மாத்திரைகளின் மேலும் அதைப் பூசுவது உண்டு என்றேன்.

“நம்ம பாலீஷா?”

“அதேதான் மாமா. அதே மரம்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்தார். பிறகு சிவப்பு மிட்டாய் ஒன்றை எடுத்து, வேட்டி நுனியால் மெதுவாக, வட்டமாக இரண்டு தேய்ப்புத் தேய்த்து, டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பேத்தி கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.